காதில் வைத்த திருப்புளி

மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்.
இதில் பாதி, சொன்னால் நம்பமாட்டீர்கள்,
அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே
இரண்டாம் கியரில் போனது.
பின் சீட்டை மடக்கினால் கன்றுக்குட்டி படுக்கும்.
படுத்திருக்கிறது. சாணியும் போட்டிருக்கிறது.
பதினைந்து வருடமாகப் போகாத வாசம் அது.

இதையெல்லாம் ஷோரூம் பையனிடம் சொல்லவில்லை.
பிரஜின் என்று சட்டையில் பெயர்.
ஐந்து ரோட்டில் கண்ணாடிச் சுவர், எனக்கொரு லெமன் டீ.
பானெட்டைத் தூக்கிக் காட்டினான்.
கறுப்பு பிளாஸ்டிக் மூடி.
இன்ஜின் எங்கே என்றேன்.
"அடியில இருக்கு மேடம், நீங்க பார்க்கவே தேவையில்ல."

நான் மாட்டு டாக்டர்.
பார்க்கத் தேவையில்லை என்று யாராவது சொன்னால்
அங்கேதான் கை போகும்.

"ஏதாவது ஆச்சுன்னா அதுவே சொல்லிடும்."
என்ன சொல்லும்?
"மஞ்சள் லைட் வரும்."
அப்புறம்?
"எங்ககிட்ட கொண்டு வரணும்."

வடிகட்டியில் கரி படியுமாம்.
மலையிலேயே ஊர்ந்தால் எரியாதாம்.
வாரம் ஒருமுறை பைபாஸில் ஏற்றி
ஓமலூர் தாண்டி அரைமணி விரட்டிவிட்டு
சும்மா திரும்பி வரவேண்டுமாம்.
வயிறு உப்பிய மாட்டை நடத்திக் கூட்டிப்போ என்று
நானும்தான் சொல்வேன்.
அதற்கு மாதத் தவணை கிடையாது.

கோரிமேட்டில் சத்தார் பாய்
நீளத் திருப்புளியின் நுனியை இன்ஜினில் ஊன்றி
பிடியைக் காதில் வைப்பார். கண் மூடும்.
அந்நேரம் பஸ்காரன் ஹாரன் அடித்தால் கெட்ட வார்த்தை.
"மூணாவது இன்ஜெக்டர். பத்து நாள் தாங்கும்."
பத்தாம் நாள் போகும்.
இடது விலாவில் ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போதெல்லாம்
எனக்கும் அவருக்கும் ஒரே தொழில் என்று நினைத்துக்கொள்வேன்.

போன ஐப்பசியில்
செம்மநத்தத்தில் ஒரு கிடாரி,
தலைச்சன் ஈற்று, கன்று குறுக்கே.
பதினேழாவது வளைவில் நீராவி.
கேஸ்கெட் போய்விட்டது.
பெட்டியோடு மழையில் நின்றேன்.
மிளகு ஏற்றப் போன காலி வேன் ஒன்று
என்னை ஏற்றிக்கொண்டபோது
நாற்பது நிமிடம் கழிந்திருந்தது.
கன்று இல்லை.
பொன்னுருவி ஒன்றும் சொல்லவில்லை.
வைத்திருந்த வெந்நீரைச் சட்டியோடு கவிழ்த்தாள்.

அது மட்டும் சத்தாரின் காதுக்குக் கேட்கவில்லை.
எனக்குக் கோபம் வந்ததா என்றால் வரவில்லை.
வயசாச்சு, பாவம் என்று
பானெட்டைத் தட்டிக்கொடுத்தேன்,
கன்று செத்த கையோடு.
புதியது அங்கே நின்றிருந்தால்
கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போயிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும்.
இரண்டு வருடத்துக்கு முன் ஸ்கேன் கருவி வாங்கினேன்.
சினையா இல்லையா, முப்பதே நாளில் தெரியும்.
நாகலூர் வெள்ளையன் ஒத்துக்கொள்ளவில்லை.
"டப்பா சொல்றது கெடக்கட்டும், நீ கையை விட்டுப் பாரு."
திரையில் பயறளவு இதயம் துடித்துக்கொண்டிருந்தது.
காட்டினேன்.
அவன் பார்த்தது என் முழங்கையை,
அழுக்கே ஆகாத முழங்கையை.

பிரஜின் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தான்.
அஸ்தம்பட்டி வரைக்கும்தான் என்றான்.
நான் நிறுத்தவில்லை.
கோரிமேடு போனது. சத்தார் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
செக்போஸ்ட். முதல் கொண்டை ஊசி.
சத்தமில்லை. நான் நினைக்குமுன் கியர் மாறியது.
வண்டி ஏறுகிறதா, மலை இறங்குகிறதா
என்பது போல.
பிரஜின் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

பதினேழில் ஓரம்கட்டினேன்.
"லைட் ஏதாவது வந்துச்சா மேடம்?"
இல்லை.
மூடியைத் தூக்கி, உள்மூடியில் காதை வைத்தேன்.
சுடுகிறது என்பது மட்டும் தெரிந்தது.
திருப்புளி இருக்கா?
"பஞ்சர் பாட்டில்தான் இருக்கு மேடம்."

பனி கீழேயிருந்து ஏறி
பதினாறை மூடிவிட்டது.
இறங்கும்போது நீ ஓட்டு என்றேன்.
பையன் எச்சில் விழுங்கினான்.
"மலையில நான் ஓட்டினதே இல்ல மேடம்."

சாவி கேட்டுக் கையை நீட்டினேன்,
சாவியே இல்லாத வண்டியில்.